பன்னிரண்டு சிமிட்டினால் பழுதே இல்லையா?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டார். "காதல், நட்பு, தாய்மைன்னு கவிதை மட்டுமே ஒரு கட்டு வந்து கிடக்கு. நீயாவது தொழிலைப் பத்தி எழுதுப்பா" என்றார். ஆகவே நண்பர்களே, இந்தப் பக்கத்தில் நிலா வராது, தென்றல் வராது. ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் வரும். கார் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்டு எரியுமே, அந்த செக் எஞ்சின் லைட்!

மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பழைய கார் நிற்கத்தான் செய்யும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ, அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டிலோ கால் மணி நேரம் நின்று பாருங்கள். பளபளக்கும் புது வண்டிகளுக்கு நடுவே மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ, வேகன் ஆர், முதல் காலத்து சான்ட்ரோ என்று ஒரு கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். டிஎன் 46, டிஎன் 61 மட்டுமல்ல, சென்னை நம்பரும் நிறையக் கண்ணில் படும். சென்னையில் பத்து வருஷம் ஓடி, இரண்டு கை மாறி, கடைசியில் நம்மூர் சின்ன வெங்காய வியாபாரிக்கும், சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறவருக்கும் வந்து சேர்ந்த வண்டிகள் அவை. கடன் வாங்காமல் ஒரு குடும்பம் மழையில் நனையாமல் போய்வர அந்த வண்டிதான் வழி.

இந்த வண்டிகளை நான் 'இடைக்கால வண்டிகள்' என்று அழைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கார்புரேட்டர் காலத்தில் எஞ்சினுக்கு மூளை கிடையாது. காற்று இழுக்கிற இழுப்பில் பெட்ரோல் வரும், அவ்வளவுதான். பழுதானால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்பார், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தபோதே அதில் எம்பிஎஃப்ஐ இருந்தது, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான 'இந்தியா 2000' புகை விதி அமலுக்கு வந்தது. அதையொட்டி மாருதி 800-க்கும் எம்பிஎஃப்ஐ வந்துவிட்டது. எஞ்சினுக்கு மூளை முளைத்தது. அந்த மூளை தன் குறையைச் சொல்ல ஒரு விளக்கும் வந்தது.

ஆனால் எல்லா மூளையும் ஒரே பாஷை பேசவில்லை. அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்தே தன் குறையைத் தானே சொல்லும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அது முதல் கட்டம். கம்பெனிக்குக் கம்பெனி கப்ளர் வேறு, எண் வேறு. 1996 மாடலிலிருந்து அந்த நாடு முழுவதற்கும் ஓபிடி-2 என்ற ஒரே முறை வந்தது. எல்லாக் காருக்கும் 16 முனை உள்ள ஒரே சாக்கெட், ஒரே மாதிரிக் குறியீடு. P0118 என்றால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் கூலன்ட் வெப்ப சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் அதிகம் என்று அர்த்தம். நம் நாட்டில் இது பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு சேர்ந்து வந்தது. முதல் கட்டம் 2010 ஏப்ரலில், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அந்த ஸ்டேஜ் 4 கூட 2010-ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கட்டாயமானது 2017 ஏப்ரலில்! ஆக, 2012-ல் ஒரே மாதத்தில் சென்னையில் ஒன்றும் இங்கே ஒன்றும் வாங்கிய இரண்டு கார்கள் உள்ளே வேறு வேறாக இருக்கலாம்.

எனவே 2000-க்கும் 2010-க்கும் இடையில் வந்தவை, அதற்குப் பின்னும் சில, கம்ப்யூட்டர் உள்ளவை. ஆனால் பொதுமொழி இல்லாதவை. இவற்றில் பல வண்டிகளில் 16 முனை சாக்கெட் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நம்ம பசங்க ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகுவார்கள். செல்போனில் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். ஸ்கேனர் டூப்ளிகேட் என்று திட்டுவார்கள். ஸ்கேனர் டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், அது வேறு கதை. ஆனால் பல நேரம் விஷயம் அதுவல்ல. சாக்கெட் ஒண்ணு, பாஷை வேற. தமிழ் தெரிந்தவனிடம் தெலுங்கில் கேட்டால் அவன் என்ன செய்வான், பாவம்!

சரி, ஸ்கேனர் இல்லாமல் எப்படிப் படிப்பது? நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பழகும் பட்டறை என் தாய்மாமாவுடையது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை. அவர் சவுதியில் பல வருடம் ஜப்பான் கார்களில் கை வைத்தவர். லப்பைக்குடிக்காடு பக்கமெல்லாம் வளைகுடா போய் வந்தவர்கள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அப்படி வந்தவர்கள் பணம் மட்டுமா கொண்டு வந்தார்கள், இந்த வித்தையையும் கொண்டு வந்தார்கள். மாமா கையில் ஸ்கேனர் கிடையாது. ஒரு ஜாண் வயர், இரண்டு முனையிலும் பின். அதுதான் அவர் ஸ்கேனர்!

பழைய மாருதி வண்டிகள் பலவற்றில் கண்டறியும் கப்ளர் ஒன்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். ஆகவே சர்வீஸ் புத்தகத்தில் எந்த முனை எது என்று பார்க்காமல் வயரைச் சொருகக் கூடாது. அதில் 'டயக்னோசிஸ்' முனையையும் இயர்த் முனையையும் வயரால் இணைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். மஞ்சள் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல், பிறகு பெரிய இடைவெளி என்றால் அது 12. ஒரு சிமிட்டல், இடைவெளி, மூன்று சிமிட்டல் என்றால் 13. முதலில் பத்து இடம், பிறகு ஒன்று இடம், அவ்வளவுதான் கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணிவிடும்.

12 என்றால் பழுது எதுவும் பதிவாகவில்லை. 13 ஆக்சிஜன் சென்சார். 14, 15 இரண்டுமே கூலன்ட் வெப்ப சென்சார். 21, 22 த்ராட்டில் பொசிஷன் சென்சார். 24 வேக சென்சார். 31, 32 மேனிஃபோல்டு அழுத்த சென்சார், அதாவது மேப் சென்சார். ஏன் சிலவற்றுக்கு இரண்டிரண்டு எண் என்று கேட்கிறீர்களா? வயர் அறுந்து போனால் ஒன்று, வயர் ஒட்டிக்கொண்டால் மற்றொன்று. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இது கருத்துக் கட்டுரை அல்லவா!

நம் ஊர்களில் இந்த இடைக்கால வண்டிகள் இரண்டு தரப்பு மெக்கானிக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு சாகின்றன. முதல் தரப்பு, "கம்ப்யூட்டர் வண்டியா, நான் கை வைக்க மாட்டேன் சாமி" என்பவர்கள். வைத்தால் வயரை வெட்டி நேராகக் கொடுத்துவிடுவார்கள், விளக்குக்குப் பின்னால் பல்பைக் கழற்றிவிடுவார்கள். இரண்டாவது தரப்பு என் வயதுப் பிள்ளைகள். எண் என்ன சொல்கிறதோ அந்தப் பார்ட்டை மாற்று, முடிந்தது வேலை என்பவர்கள். முதல் தரப்பை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது தரப்பு படித்தவர்கள். அவர்கள் செய்வதுதான் எனக்குக் கோபம்.

எண் ஒரு பார்ட்டின் பெயரைச் சொல்வதில்லை, நண்பர்களே. ஒரு சர்க்யூட்டின் பெயரைச் சொல்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்டு, வயரிங் வழியாக, கப்ளர் வழியாக, சென்சாருக்குள் போய், இயர்த் வழியாகத் திரும்பி வருகிறதே அந்த முழு வட்டம். தெருவில் கரண்ட் இல்லை என்றால் உடனே வீட்டு பல்பை மாற்றுவோமா?

போன வருடம் மழைக்காலத்தில் கீழப்பழுவூர்ப் பக்கமிருந்து ஒரு ஆம்னி வந்தது. மக்காச்சோள வியாபாரி ஒருவருடையது. செக் லைட் எரிகிறது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, பேட்டரி இறங்குகிறது. வேறொரு இடத்தில் இரண்டு தடவை கூலன்ட் சென்சார் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை "இசிஎம்மே போயிடுச்சு, பழசு ஒண்ணு தேடிப் போட்டுக்கலாம், பல ஆயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. "மாப்ளே, வயரைச் சொருகி எண்ணு" என்றார். கூலன்ட் சென்சார் என்றே எண் வந்தது. "இப்ப சென்சார் பிளக்கைக் கழட்டி அந்த ரெண்டு முனையையும் ஒண்ணா சேர்த்துப் பிடி."

இதில் இருக்கும் தந்திரம் பாருங்கள். வயர் அறுந்ததற்கு ஒரு எண், ஒட்டியதற்கு ஒரு எண் என்று சொன்னேன் அல்லவா? சென்சார் இருக்கும் இடத்தில் முனைகளை நாமே ஒட்டியோ திறந்தோ விட்டால், வயரிங்கும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கும்பட்சத்தில், எண் ஜோடி மாற வேண்டும். 14 இருந்தால் ஒட்டியதும் 15 ஆக, 15 இருந்தால் ஒட்டாமல் பிளக்கைக் கழற்றி விட்டதும் 14 ஆக. மாறினால் சென்சார்தான் கெட்டது. மாறாவிட்டால் சென்சார் மேல் குற்றமில்லை, வழியில்தான் எங்கோ கோளாறு. ஆம்னியில் மாறவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் அந்தக் கப்ளரில் வர வேண்டிய 5 வோல்ட் வரவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனோம். சீட்டுக்கு அடியில் எலி கடித்திருந்தது! மக்காச்சோளக் குடோன் ஓரத்தில் நிற்கும் வண்டி. எலிக்கு என்ன, சோளம் தின்ற வாய்க்கு வயர் ஊறுகாய். ஒரு ஜாண் வயர், ஈயப்பற்று, டேப். முக்கால் மணி நேர வேலை. இசிஎம் மாற்றியிருந்தாலும் எலி கடித்த இடம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இந்தச் சோதனையை எல்லாச் சென்சாரிலும் செய்யாதீர்கள் என்று எச்சரித்துவிடுகிறேன். இது இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டும். ஆக்சிஜன் சென்சாரிலோ, கரண்ட் போகும் வயரிலோ ஒட்ட வைத்தால் நிஜமாகவே கம்ப்யூட்டர் போய்விடும். அதேபோல் டெஸ்ட் பல்பை வைத்து இசிஎம் வயரைக் குத்தக் கூடாது. பல்பு இழுக்கும் கரண்டை அந்த நுண்ணிய சர்க்யூட் தாங்காது. டிஜிட்டல் மல்டிமீட்டர்தான் சரி.

எண் வந்த வண்டியின் கதை இது. இதைவிடப் பெரிய விஷயம் எண் வராத வண்டி.

தலைப்பில் கேட்ட கேள்வி அதுதான். விளக்கு 12 சிமிட்டுகிறது. ஆனால் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, காலையில் நன்றாக இருக்கிறது, சூடானதும் திணறுகிறது, பிளக் கரி பிடித்திருக்கிறது. "கம்ப்யூட்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சு சார், பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது அக்கிரமம்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் அறிவு எவ்வளவு என்று பார்த்தால் விளங்கும். கூலன்ட் சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சமாச்சாரம். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம் இருக்கும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், ஒட்டினால் பூஜ்யம் ஆகும். இந்த இரண்டு கோடிகளைத்தான் பழைய இசிஎம் பழுது என்று அறியும். அறிந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு உத்தேச வெப்பத்தை வைத்துக்கொண்டு வண்டியை ஒப்பேற்றும். ஆனால் சென்சார் வயதாகி, எஞ்சின் கொதிக்கும்போதும் 2000 ஓம் காட்டினால்? அது இரண்டு கோடிகளுக்கும் நடுவில் உள்ள நியாயமான எண். கம்ப்யூட்டர் நம்பிவிடும். "ஓகோ, எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று பெட்ரோலை அள்ளி ஊற்றும். விளக்கு எரியாது.

செத்த சென்சார் தன் சாவை அறிவித்துவிடும். பொய் சொல்லும் சென்சார் அறிவிக்காது. ஓபிடி-2 வந்த பிறகு கம்ப்யூட்டர் ஒரு சென்சாரை இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டு, "இவ்வளவு நேரம் ஓடியும் சூடு ஏறலையே, இது எப்படி?" என்று சந்தேகப்படக் கற்றுக்கொண்டது. சிலிண்டர் தவறி எரிந்தால் P0300 வரிசையில் எண் போடும். சைலன்சரில் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரை வைத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்றும் பார்க்கும், சரியில்லை என்றால் P0420. இடைக்கால வண்டிக்கு அந்தச் சந்தேக புத்தி மிகக் குறைவு. அதற்குப் பதிலாக நாம் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்!

அரியலூரிலிருந்து ஒரு 2005 மாடல் வேகன் ஆர் அப்படித்தான் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மைலேஜ் பாதியாகிவிட்டது, 12 சிமிட்டுகிறது. புகைச் சான்று எடுக்கப் போன இடத்தில் கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "தம்பி, எஞ்சின் வேலை பார்க்கணும்னு சொல்றாங்களே" என்று முகம் வாடிக் கேட்டார். மாமா எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றி ஓம் அளந்தார். கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஓம்! சில நூறு ரூபாய் சென்சார். அடுத்த வாரமே சான்று கிடைத்துவிட்டது. எஞ்சினைப் பிரித்திருந்தால் அவர் பென்ஷனில் எத்தனை மாதம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேப் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸும் இதே ரகம். நம் ஊர் வெயிலில் அது விறைத்து, வெடித்து, காற்று உள்ளே கசியும். சென்சார் உயிரோடு இருப்பதால் எண் வராது. பெட்ரோல் மட்டும் கூடிவிடும். ஆக்சிஜன் சென்சார் எண்ணான 13 இன்னொரு மாதிரி ஏமாற்றும். சூடான ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊஞ்சலாட வேண்டும். ஆடாமல் கீழேயே கிடந்தால் 13 வரலாம். சென்சார் கெட்டதால் கிடக்கலாம். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுவதாலும் கிடக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்து கலவை நீர்த்ததாலும் கிடக்கலாம். பின்னிரண்டில் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது! உண்மை சொன்னவனைக் கழற்றி எறிந்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுசு போடுவது எந்த ஊர் நியாயம்?

மூன்று நான்கு எண்கள் ஒரே சமயத்தில் வந்தால் மூன்று நான்கு பார்ட் கெட்டுவிட்டது என்று நினைக்கவே வேண்டாம். அநேகமாக அவற்றுக்குப் பொதுவான இயர்த்தோ, 5 வோல்ட் சப்ளையோதான். பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள இயர்த் பட்டையைச் சுரண்டி இறுக்கினாலே சில வண்டிகள் குணமாகும்.

அரியலூர் என்றதும் சுண்ணாம்புக்கல் நினைவுக்கு வராமல் இருக்காது. லாரி லாரியாகக் கல் போகிற ரோட்டில் வெள்ளைத் தூசி படியாத வண்டி உண்டா? கார்புரேட்டர் காலத்தில் ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்தால் கலவை கெட்டியாகி, கரும்புகை வந்து காட்டிக் கொடுத்துவிடும். மேப் சென்சார் வண்டியில் அப்படியில்லை. உள்ளே வரும் காற்று குறைந்தால் அழுத்தமும் குறையும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடும். புகை இல்லை, எண் இல்லை, பிக்கப் மட்டும் போகும். ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்க்காமல் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது!

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியை ஆன் செய்ததும், எஞ்சினை ஓட்டுவதற்கு முன், அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஓட்டியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரியவில்லையே என்று சந்தோஷப்படுவதற்கு முன், முதலில் எரிந்ததா என்று பாருங்கள். எரியாவிட்டால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். பேட்டரி வயரைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் அந்தக் காலத்து இசிஎம் பலவற்றில் நினைவில் இருந்த எண்கள் அழிந்துவிடும் என்பதும் விற்பவர்களுக்குத் தெரியும். ஆகவே விளக்கு சுத்தமாக இருந்தாலும் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறையிலும் இதே விதிதான். எண்ணை நோட்டில் எழுதுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுகிறவன், நோயாளி பேச வாய் திறக்கும்போது வாயைப் பொத்துகிறவன்.

"இதெல்லாம் குப்பைக்குப் போகிற வண்டி. எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டது. இதைப் போய்ப் படிக்கணுமா?" என்று என் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 15 வருடம் முடிந்த காரைத் தகுதி பார்த்து மறுபதிவு செய்ய வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணமே 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய் ஆனது. தரை துருப்பிடித்து, பிரேக் குழாய் அரித்துப்போன வண்டியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. அது போக வேண்டியதுதான். ஆனால் பாடியும் எஞ்சினும் திடமாக இருக்க, ஒரு சென்சார் பொய் சொன்னதற்காகவோ ஒரு எலி கடித்ததற்காகவோ ஒரு வண்டி பழைய இரும்புக்கடைக்குப் போனால், அது வயதானதால் சாகவில்லை. படிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் செத்தது. அந்த நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. இரண்டாவது வண்டி வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு.

எலெக்ட்ரிக் வண்டியும் நாளைக்கு எண்தான் கொடுக்கப் போகிறது. அதுவும் சர்க்யூட்டின் பெயரைத்தான் சொல்லும். 5 வோல்ட் எங்கே நின்றது என்று தேடத் தெரியாதவன் 400 வோல்ட் வண்டியில் கையை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிமிட்டலை எண்ணிப் பழகியவனுக்கு ஸ்கேனர் கொடுத்தால் அது ஆயுதம். ஸ்கேனரோடு மட்டும் பழகியவனுக்கு சார்ஜ் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது.

நம் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி வைத்த கார்புரேட்டர் ஒன்று இருக்கிறது. சுவரில் புது பிஎஸ் 6 எஞ்சின் படம் இருக்கிறது. நடுவில் உள்ள இருபது வருடம் எங்கே? ரோட்டில் ஓடுவது அதுதானே! என் வேண்டுகோள் பெரிதல்ல. பழைய எம்பிஎஃப்ஐ மாருதி 800 ஒன்று, எஞ்சின் ஓடினால் போதும், ஆர்.சி. புத்தகம்கூட வேண்டாம், விளக்குக்குப் பல்பு மட்டும் இருக்க வேண்டும். இறுதியாண்டு பிராஜெக்டுக்குக் கடையில் விற்கும் மாடலை வாங்கி வந்து பெயிண்ட் அடிப்பதைவிட, ஒரு குழு அந்த வண்டியில் பழுதைத் தானே வைக்கட்டும், இன்னொரு குழு கண்டுபிடிக்கட்டும். சூடாகவும் குளிராகவும் ஒவ்வொரு சென்சாரும் எத்தனை ஓம், எத்தனை வோல்ட் என்று அளந்து ஒரு நோட்டில் எழுதி லேபில் தொங்கவிடட்டும். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் அதில் வேகன் ஆரைச் சேர்ப்பார்கள், அதற்கடுத்து சான்ட்ரோ. பெரம்பலூர், அரியலூர் பட்டறை அண்ணன்மார்கள் சனிக்கிழமை மதியம் வந்து அந்த நோட்டைப் பார்த்துப் போகலாம் என்றால் அவர்களும் வருவார்கள்; அவர்கள் காதில் இருக்கும் வித்தையை நமக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பேரவைப் பொருளாளர் நண்பரிடம் இந்த ஆண்டு மலர் விளம்பரப் பணத்தில் மீதம் இருந்தால் இரண்டு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கித் தரும்படி இந்தப் பக்கத்தின் மூலமாகவே மனு கொடுக்கிறேன். வண்டி நிறுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது. கேன்டீன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் எலியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.